யாருடைய ‘நாம்’?

பன்முகப் பண்பாட்டு உளவியல் என்ற பாடத்தை நான் விருப்பப் பாடமாக எடுத்தபோது என் மனத்தில் இருந்த கணக்கு மிக எளிமையானது. உளவியல் ஆலோசகராக வேண்டும் என்று நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் வகுப்பறையில் போய் உட்கார்ந்தவள் நான். பல மொழிகளும் பல பழக்கங்களும் உடையவர்களிடம் பேச வேண்டியிருக்கும். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் அபத்தமாக எதையும் கேட்டுவிடாமல் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அதாவது, பண்பாடு என்பது எதிர் நாற்காலியில் உட்காரப்போகிறவரிடம் இருக்கும் ஒன்று. என் நாற்காலியில் இருப்பது படிப்பும் பயிற்சியும் மட்டும்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் வகுப்பில் பேராசிரியர் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். ஒன்று முதல் இருபது வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘ஐ ஆம்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் நிற்கும் வாக்கியம். ‘நான் யார்?’ என்று நமக்கு நாமே கேட்டுக்கொண்டு இருபது விடைகளை எழுத வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிடம். மான்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லேண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட சோதனை இது என்பதைப் பிறகுதான் சொன்னார். நான் நேரத்துக்கு முன்பே இருபதையும் முடித்துவிட்டேன். பொறுமையானவள், நேரம் தவறாதவள், பிடிவாதக்காரி, நிறைய வாசிப்பவள் என்று பதினெட்டு வரிகள் குணங்களும் ரசனைகளுமாக இருந்தன. மகள், தாய் என்று இரண்டே வரிகளில்தான் வேறு மனிதர்கள் தலைகாட்டினார்கள். காகிதத்தை அவர் திருப்பி வாங்கவில்லை. பருவம் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

அடுத்த வகுப்பில் ஹேசல் மார்க்கஸும் ஷினோபு கிடயாமாவும் 1991இல் எழுதிய கட்டுரையைப் படித்தோம். தன்னைத் தனித்த ஓர் அலகாகவும், தன் குணங்களின் தொகுப்பாகவும் பார்ப்பது ஒருவகைத் தன்னுணர்வு. உறவுகளுக்கு நடுவே, அந்தந்த உறவில் தனக்குள்ள இடத்தை வைத்துத் தன்னை அறிவது இன்னொரு வகை. முதலாவது வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மேலோங்கியிருக்கிறது என்றும், இரண்டாவது ஆசியா உட்பட உலகின் பல பகுதிகளில் மேலோங்கியிருக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அந்தக் கணக்குப்படி என் காகிதம் ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவியின் காகிதம். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ‘பண்பாடு என்னை அவ்வளவாகத் தொடவில்லை’ என்று நோட்டில் எழுதி வைத்தேன். இன்று அந்த வரியைப் பார்த்தால் காது மடல் சூடாகிறது.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் இருந்தது. இளநிலைப் படிப்பிலிருந்து நான் படித்த உளவியல் நூல்கள் எல்லாம் ‘மனிதர்கள்’ என்றே பேசின. மனிதர்கள் இப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், இப்படிக் கோபப்படுகிறார்கள், இந்த வயதில் பெற்றோரிடமிருந்து விலகித் தனக்கென்று ஓர் அடையாளத்தைத் தேடுகிறார்கள். அந்த மனிதர்களில் நானும் ஒருத்தி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு முன்னணி ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை எண்ணிப் பார்த்து 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 சதவீதத்தினர் அமெரிக்கர்கள். மேலைத் தொழில்வள நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 சதவீதம். உலக மக்கள் தொகையில் அமெரிக்காவின் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் நான் இத்தனை ஆண்டுகளாக மனப்பாடம் செய்தது யாரோ சிலருடைய மனத்தைப் பற்றி. அதையே என் மனம் என்று எழுதித் தேர்விலும் தேறியிருக்கிறேன். அந்த இருபது வரிகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் லேசாகப் புரிந்தது. ஆனால் அது வேறொருவரின் குறையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியாகவே முடிந்தது. என்னுடையது என்ன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நம் மொழியில் ‘பண்பாடு’ என்ற சொல்லே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மறைக்கிறது என்று தோன்றுகிறது. தமிழில் அது ஒரு புகழ்ச்சொல். ‘பண்பாடு தெரியாதவன்’ என்பது வசை. ‘பண்பாட்டைக் காக்க வேண்டும்’ என்பது மேடைப் பேச்சு. காக்க வேண்டியது, பெருமைப்பட வேண்டியது, சீரழிந்துவிடக்கூடியது என்றுதான் அந்தச் சொல் நம் வாயில் புழங்குகிறது. ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறோம், யாரிடம் மறுத்துப் பேசலாம் என்று நினைக்கிறோம், ஒருவர் செய்த தவறுக்குக் காரணத்தை எங்கே தேடுகிறோம் என்பவையெல்லாம் பண்பாடு என்று சொன்னால் நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. அவை புகழுக்கும் உரியவை அல்ல, இகழ்ச்சிக்கும் உரியவை அல்ல, வெறுமனே இருக்கின்றன. இருப்பதாலேயே கண்ணில் படுவதில்லை.

என் கண்ணில் முதலில் பட்டது ஒரு பென்சில் வட்டம். பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது குறித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தந்திருந்தேன். திரும்பி வந்தபோது அதில் ‘வீ’ என்ற சொல் வந்த பதினான்கு இடங்களிலும் பேராசிரியர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஓரத்தில் ஒரே கேள்வி: ‘இது யார்?’ மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் தன்மைப் பன்மை கூடாது என்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு, திருத்தி எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் சிக்கிக்கொண்டால் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதிப் பார்ப்பேன். அன்று எழுதத் தொடங்கியதும் முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றது. ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா?

இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் குழந்தைக்கும் தெரியும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். வாழ்நாள் முழுதும் யோசிக்காமல் சொல்லி வந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ‘பேசித்தான் முடிவு செய்கிறோம்’ என்று வினைமுற்றை மட்டும் எழுதித் தப்பிக்கலாம்; ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது. தமிழில் அப்படி ஒரு சந்தும் இருக்கிறது. ஆனால் கேள்வியே ‘இது யார்’ என்பதாக இருக்கும்போது அந்தச் சந்தில் நுழைவது ஏமாற்றுவேலை என்று பட்டது. ஆகவே ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்தேன். ஐந்து இடங்கள் ‘நாங்கள்’. அங்கெல்லாம் வாசிப்பவரை வெளியாளாக வைத்து, என் மக்களின் பிரதிநிதியைப் போல எழுந்து நின்று விளக்கம் சொல்லியிருந்தேன். யாரும் என்னைப் பிரதிநிதியாக அனுப்பவில்லை. ஆறு இடங்கள் ‘நாம்’. அங்கே, வாசிக்கிற எவரும் என்னைப் போன்றவர்தான் என்று அவரைக் கேட்காமலேயே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

மீதி மூன்று இடங்களில் இரண்டு சொற்களும் பொருந்தவில்லை. ‘பிள்ளைக்கு எது நல்லது என்று கலந்து பேசி முடிவெடுக்கிறோம்’ என்பது அவற்றில் ஒன்று. அதை எழுதும்போது என் நினைவில் இருந்தது, பதினேழு வயதில் என் படிப்பு முடிவான நாள். பெரியவர்கள் உள்ளறையில் பேசினார்கள்; நான் வெளியே இருந்தேன்; பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை. நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ‘முடிவெடுக்கிறோம்’ என்ற சொல்லுக்குள் நான் இல்லை. இல்லாத ஓர் அறைக்குள் என்னையே நான் பன்மையாக உட்கார வைத்து, அதை ஆங்கிலத்தில் ஆய்வு நடையில் எழுதியிருக்கிறேன். என் பண்பாட்டை நான் முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்த இடம் அதுதான் என்று சொல்வேன்.

அதற்குப் பிறகு படித்தவற்றில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வு. சிகாகோவிலும் மைசூரிலும் எட்டு, பதினொன்று, பதினைந்து வயதுச் சிறுவர்களிடமும் பெரியவர்களிடமும் அவர் பேசினார். தெரிந்தவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் ஒரு தவறான காரியத்தையும் சொல்லச் சொல்லி, ‘ஏன் அப்படிச் செய்தார்?’ என்று காரணம் கேட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் காரணத்தைச் செய்தவரின் குணத்தில் தேடினார்கள். மைசூர்க்காரர்கள் சூழ்நிலையில் தேடினார்கள்: அவருடைய பொறுப்பு, அந்த நேரத்து நிலைமை, மற்றவரோடு அவருக்குள்ள உறவு. எட்டு வயதில் இரண்டு ஊர்க் குழந்தைகளுக்கும் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. மனித மனம் இயல்பாகவே ஆளின் குணத்தைத்தான் முதலில் குற்றம் சாட்டும் என்று பாடநூல்கள் சொல்லி வந்ததற்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை நான் பார்த்ததில்லை.

அந்த ஆய்வில் மைசூர்க்காரர் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி ஒன்று வருகிறது. வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின் சக்கரம் வெடிக்கிறது. பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறது. வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காயம் எவ்வளவு தீவிரம் என்று மருத்துவரிடம் விசாரிக்காமலேயே நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். விளக்கங்களைப் பார்ப்பதற்கு முன் எனக்கு என்ன தோன்றுகிறது என்று பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தோன்றியது விளக்கமே அல்ல, ஒரு கேள்வி: ‘பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருக்கு என்ன வேண்டும்?’ உறவா, நண்பரா, வழியில் ஏற்றிக்கொண்டவரா என்பது தெரியாமல் என்னால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. கையை எடுத்துப் படித்தேன். பொறுப்பற்ற மனிதர் என்பது அமெரிக்கர்களின் விளக்கம். கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் இருக்க வேண்டியது அவர் கடமை, பதற்றமாக இருந்திருக்கலாம், காயம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்பது மைசூர்க்காரரின் விளக்கம். ‘பொறுமையானவள், நேரம் தவறாதவள்’ என்று தன்னைப் பதினெட்டு குணங்களாகப் பட்டியலிட்டவள், அடுத்தவரைப் பற்றி நினைக்கும்போது குணத்தின் பக்கமே போகவில்லை.

இத்தனையும் படிப்பளவில் இருந்தன. வயிற்றைக் கலக்கியது பயிற்சி வகுப்பு. மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் ஆலோசகர், ஒருவர் உதவி தேடி வந்தவர், ஒருவர் பார்வையாளர் என்று இருபது நிமிடம் பேச வேண்டும். அதைக் கைபேசியில் பதிவு செய்து, பிறகு ஒரு சொல் விடாமல் எழுத்தில் பெயர்க்க வேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்த வகுப்புத் தோழருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தொலைவில் நல்ல வேலை கிடைத்தும் போகத் தயங்கும் இளைஞராக அவர் நடித்தார். நன்றாகப் போனது என்ற நினைப்போடுதான் வீட்டுக்கு வந்தேன்.

இரவில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் என் குரல், ‘சொல்லுங்கள் தம்பி’ என்றது. நான் அப்படிச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்திருந்தது. அவரும் ஏழாவது நிமிடத்திலிருந்து ‘அக்கா’ என்று பேசுகிறார். அதற்குப் பிறகு நான் கேட்டவற்றைக் கேள்வி என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் அறிவுரையின் முனையில் ஒரு கேள்விக்குறி. ‘அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் இல்லையா?’ அவர் ‘ஆமாம் அக்கா’ என்கிறார். அந்த ‘ஆமாம்’ வருவதற்கு முன் இருந்த மௌனம் மூன்று நான்கு விநாடிகள் நீள்கிறது. பேசும்போது அதை நான் கவனிக்கவில்லை. எழுதும்போது அடைப்புக்குறிக்குள் ‘மௌனம்’ என்று எழுத வேண்டியிருந்தது. மறுநாள் அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘அக்காவிடம் பொய் சொல்லலாம். மறுத்துப் பேச முடியாது.’

டெரால்ட் விங் சூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992இல் வகுத்த ஆலோசகர் தகுதிகளில் முதலாவது, வந்தவரின் பண்பாட்டை அறிவது அல்ல. ஆலோசகர் தன் முன்முடிவுகளையும் மதிப்பீடுகளையும் அறிவது. மற்றவை அதற்குப் பிறகுதான். தேர்வுக்காக அதை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்திருந்தேன். ‘தம்பி’ என்ற மூன்றெழுத்தில் அது இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவரை உறவுக்குள் எடுத்துக்கொள்ளும் அந்தச் சொல்லில் இருக்கும் வெதுவெதுப்பு பொய்யல்ல. அந்த இளைஞர் முதல் நிமிடத்தைவிட மூன்றாவது நிமிடத்தில் தளர்ந்து உட்கார்ந்தது அதனால்தான். அதே சொல்தான் எனக்கு வழிகாட்டும் உரிமையையும் அவருக்குக் கேட்டுக்கொள்ளும் கடமையையும் கொடுத்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் நாக்கின் நுனிவரை வரும் ‘தம்பி’யை நிறுத்தி வைக்கப் பழகியிருக்கிறேன். சில நேரம் அது நல்லதாக முடிகிறது. சில நேரம் எதிரில் இருப்பவருக்கு நான் ஓர் அலுவலகம்போல ஆகிவிடுவதையும் பார்க்கிறேன்.

பாடம் அங்கேயே முடிந்திருந்தால், ‘நான் கூட்டுச் சார்புடைய, அதாவது தனிநபரைவிடக் குழுவை முன்வைக்கும் பண்பாட்டைச் சேர்ந்தவள்’ என்று ஒரு சீட்டை என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திருப்தியாகப் போயிருப்பேன். அந்தச் சீட்டு கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து ஆய்வாளரின் காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது. ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் நிரப்பி வாங்கிய லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து அவர் 1980இல் நாடுகளைத் தனிநபர் சார்பு, கூட்டுச் சார்பு என்று வரிசைப்படுத்தினார். டாஃப்னா ஆய்சர்மனும் சகாக்களும் 2002இல் பிந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வேறுபாடுகள் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரியவையும் அல்ல, சீரானவையும் அல்ல என்று தெரிந்தது. ஒரு நாட்டுக்கு ஓர் எண் என்பதைவிட, ஏ. கே. ராமானுஜன் 1989இல் வெளியான கட்டுரையில் சொன்னது எனக்கு அதிகம் பொருந்துகிறது: இந்தியச் சிந்தனை பெரும்பாலும் சூழலைப் பொறுத்து விதியை மாற்றிக்கொள்வது. யார், யாரிடம், எங்கே, எப்போது என்று கேட்காமல் அது தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார் என்று நான் கேட்டதும் அதனால்தான்.

ஆனால் ‘யார், யாரிடம்’ என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் மூவரில் பார்வையாளராக இருந்தவர். பயிற்சியைப் பற்றி வகுப்பில் பேசும்போது, உறவுச்சொல் நம் பண்பாட்டின் இயல்பு, தெரியாதவரையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: ‘என்னை அப்படி யாரும் உடனே தம்பி என்று கூப்பிட்டதில்லை. முதலில் ஊர் எது என்பார்கள். பிறகு அப்பா என்ன செய்கிறார் என்பார்கள். அதற்குப் பிறகும் கூப்பிட்டதில்லை.’

வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. அந்தக் கேள்விகள் எதைத் தேடுகின்றன என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நானும் அவரும் ஒரே மொழி பேசுகிறோம். ஒரே பாடநூலில் ஒரே கட்டத்துக்குள் அடைபடுவோம். கட்டுரையில் ஆறு இடங்களில் நான் எழுதிய ‘நாம்’ என்ற சொல்லுக்குள் அவரையும் கேட்காமல் சேர்த்திருந்தேன் என்பது அப்போது உறைத்தது. ஜீன் ஃபின்னி இன அடையாளம் குறித்து எழுதியவற்றில் முதல் நிலை ஒன்று உண்டு: அடையாளத்தைப் பற்றி இன்னும் ஆராய்ந்தே பார்த்திராத நிலை. நாற்பது வயதைத் தாண்டியும் நான் அங்கேயே இருந்திருக்கிறேன். ஏனென்றால் என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு யாரும் முகம் மாறியதில்லை. அவர் அந்த நிலையைச் சிறுவயதிலேயே தாண்டியிருக்க வேண்டும். தாண்டும்படி அவரைச் செய்தவர்கள் என் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் இருப்பவர்கள்.

பருவத்தின் கடைசி வாரத்தில் பேராசிரியர் பழைய காகிதத்தை எடுத்து வரச் சொன்னார். இம்முறை வேண்டிய மொழியில் எழுதலாம் என்றார். சீனாவில் பிறந்து கனடாவில் படிக்கும் மாணவர்களிடம் மைக்கேல் ராஸும் சகாக்களும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வை ஏற்கெனவே படித்திருந்தோம். சீன மொழியில் எழுதியவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதில் ஆங்கிலத்தில் எழுதியவர்களைவிடக் குழுவைச் சார்ந்த வரிகள் அதிகமாக இருந்தன. அதைத் தெரிந்துகொண்டே எழுதும்போது சோதனைக்கு மதிப்பு கிடையாது. ஆனாலும் எழுதினேன்.

தமிழில் ‘நான்’ என்று எழுதிவிட்டால் அடுத்து ‘ஐ ஆம்’ என்பதில் வரும் அந்த ஆங்கில ‘ஆம்’ போன்ற சொல்லுக்கு வேலை இல்லை. நான், அதை ஒட்டியே நான் யார் என்பது; நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. முதல் ஐந்து வரிகளும் இன்னாருக்கு இன்னார் என்றே வந்தன. அது தானாக வந்ததா, படித்ததால் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஆறாவது ‘பொறுமையானவள்’, பழைய காகிதத்திலிருந்து அது மட்டும் அப்படியே திரும்பி வந்தது. ஒன்பதாவது வரியில், ‘தெரியாதவரையும் உறவு சொல்லி அழைப்பவள்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘தெரியாதவரையும்’ என்பதை அடித்து, மேலே சிறிய எழுத்தில் ‘தெரியாதவர்களில் சிலரை’ என்று திருத்தினேன். பன்னிரண்டு நிமிடம் அதற்குள் முடிந்துவிட்டது. பத்தாவது வரியிலிருந்து காகிதம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.